பரணில் ஏறிய அரிவாள்மனை: வேண்டாத எண்ணங்களுக்கு யாரிடம் போவது?

மகள் பிறந்து இருபத்து நான்காவது நாள். அம்மா வீட்டு அடுப்படி. அம்மா பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நான் சுவரில் சாய்ந்து மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அரிவாள்மனையின் வளைந்த நுனி கண்ணில் பட்டது. அடுத்த நொடி அந்த நுனியையும் மகளையும் சேர்த்து ஒரு காட்சி. அதைச் செய்வது என் கை. அதற்கு மேல் விவரிக்க வேண்டாம், இப்படி ஒன்று வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

மறுநாளே அப்பாவிடம் சொல்லி அரிவாள்மனையைப் பரணில் ஏற்றவைத்தேன். "கத்தி இருக்கே, இது எதுக்கு, யாராவது தடுக்கி விழுவாங்க" என்று காரணம் சொன்னேன். பத்து நாளில் கத்தியும் ஒளிந்தது. அப்புறம் மாடிப்படி, அப்புறம் குளிப்பாட்டும் வெந்நீர். மகளோடு தனியாக ஓர் அறையில் இருக்கவே முடியாது என்ற நிலை வந்தபோது அவளுக்கு மூன்று மாதம்.

சரியான இடத்துக்குப் போய்ச் சேர அதற்கு மேல் ஐந்து மாதம் ஆனது. நடுவில் வேறு வாசல்களில் நின்று பணமும் நாளும் போயின. எந்த வாசலில் என்ன கிடைக்கும், யாருக்கு எது பொருந்தும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் படிக்கக் கிடைத்ததையெல்லாம், தூக்கம் வராத இரவுகளில், கொஞ்சம் அதிகமாகவே படித்தவள்.

முதலில், எதற்குச் சிகிச்சை என்று தெளிவாக வேண்டும். எண்ணத்துக்கு இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள்: கடந்த மூன்று மாதத்தில் வேண்டாத எண்ணம், படம், உந்துதல் ஏதாவது தானாக வந்து நின்றதா? 94 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். ரயில் வரும்போது பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிடுவேனோ, சாமி சன்னதியில் கெட்ட வார்த்தை வந்துவிடுமோ என்ற ரகம். கனடாவில் முதல் பிரசவம் ஆன 91 பெண்களிடம் கேட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எனக்கு நெருக்கமானது. குழந்தைக்கு விபத்தாக ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் அத்தனை பேருக்குமே வந்திருந்தது. தானே வேண்டுமென்று தீங்கு செய்வதுபோன்ற எண்ணம் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வந்திருந்தது. பாதிப் பேர்! வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுவிட்ட அக்காமார்களில் ஒருத்தி இதைச் சொல்லியிருந்தால் என்னவாம்.

ஆக, எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலானவர்கள் "ச்சீ" என்று தலையை உதறிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிலருக்கு அங்கேதான் தொடங்குகிறது. "ஏன் வந்தது? நான் அப்படிப்பட்டவளா?" என்று விசாரணை. அதற்கு ஓர் உறுதியான பதில் வேண்டும் என்று கத்தியை ஒளிப்பது, மனசுக்குள் மந்திரம் சொல்வது, நெஞ்சைத் தொட்டுப் பார்த்துப் பாசம் இருக்கிறதா என்று சோதிப்பது, மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே இருப்பது. ஒரு பதில் பத்து நிமிஷம் தாங்கும். பிறகு மறுபடியும். ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இந்தச் சுற்றைத்தான். கை கழுவுவது அதன் ஒரு முகம் மட்டுமே. வெளியே எதுவும் தெரியாமல் மனசுக்குள்ளேயே சுற்றுகிறவர்களும் நிறைய.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நான் எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்: இந்த இடம் என் கேள்விக்குப் பதில் தருகிறதா, இல்லை, பதில் இல்லாமலே இருக்கப் பழக்குகிறதா? முதல் வகை அன்றைக்கு இதமாக இருக்கும். சொறியச் சொறியச் சுகம்தான், புண்தான் பெரிதாகும்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஒரு விலக்கு. இந்த எண்ணங்கள் நமக்குப் பிடிக்காதவை, பயமூட்டுபவை, நம் குணத்துக்கு நேர்மாறானவை. அப்படி இல்லாமல் குழந்தையிடம் தீய சக்தி புகுந்துவிட்டது என்று உறுதியாகத் தோன்றினால், ஏதோ குரல் கட்டளையிட்டால், பல நாள் தூக்கமே இல்லாமலும் களைப்பே தெரியாவிட்டால், செய்வதுதான் சரி என்று பட்டால், அது வேறு நோய். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சிதைவு ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது, அபூர்வம். ஆனால் அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஒப்பீடெல்லாம் பிறகு. சாக வேண்டும் என்ற நினைப்பு வலுத்தாலும் அப்படித்தான்.

வீடும் கோயிலும்

எல்லோரும் தொடங்கும் இடம் வீடுதான். அம்மாவிடம் பாதி சொன்னேன், மீதியை அவளே புரிந்துகொண்டாள். "அதெல்லாம் நீ செய்ய மாட்டத்தா" என்றாள். அந்த வார்த்தை எனக்கு அமிர்தம். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த அமிர்தத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் சமையலறையில் இருந்தால் கூப்பிட்டுக் கேட்பேன், தூங்கினால் எழுப்பிக் கேட்பேன். வேப்பிலை அடித்தார்கள், கறுப்புக் கயிறு கட்டினார்கள். அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன், பக்தி வேறு விஷயம். ஆனால் கயிறு அவிழ்ந்தால் எண்ணம் வந்துவிடும் என்று கயிற்றையும் தினம் பத்து முறை பார்க்கத் தொடங்கினேன். அளவுகோலில் வைத்தால் இது முழுக்கப் பதில் தரும் வகை. செலவு குறைவு, அன்பு அதிகம், சுற்று அப்படியே இருக்கும்.

ஆறுதல் பேச்சு

அடுத்து ஒரு கவுன்சிலரிடம் போனோம். எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். "அவரிடம் எதுக்கு, தண்ணி வரலையா?" என்று மாமனார் கேட்டார். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அந்த அம்மையார் நல்லவர். முதல் நாளில் ஒன்றரை மணி நேரம் என்னை அழவிட்டார். கேட்பதற்கு ஒருவர் கிடைத்ததே பெரிய விடுதலையாக இருந்தது. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்து நடந்தவற்றை இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டு, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டிவிட்டு "நிறுத்து" என்று சொல்லச் சொன்னார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்கள். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது குரங்கு அல்ல, வெள்ளைக் கரடி. நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடையை எடுத்த பிறகு, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். என் மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு என் சிறுவயதைத் தோண்டினார். அம்மா மேல் அடக்கிவைத்த கோபம்தான் இப்படி வருகிறது என்றார். அதாவது, எண்ணத்துக்கு அர்த்தம் உண்டு என்றார். "நான் அப்படிப்பட்டவளா" என்று திகைத்து நிற்பவளிடம் "ஆமாம், உள்ளே ஏதோ இருக்கிறது" என்று சொன்னால் அவள் வீட்டுக்குப் போய் என்ன செய்வாள்? மூன்று நாள் மகளைத் தொடவில்லை.

ஆறுதல் பேச்சு வீண் என்று நான் சொல்லவில்லை. துக்கத்துக்கும் குடும்பச் சண்டைக்கும் தனிமைக்கும் அது நல்ல மருந்து. இந்த நோய்க்கு மட்டும் அது போதாது. ஸ்வீடனில் 101 பேரை இரண்டு குழுவாக்கி, இணையம் வழியாகவே பத்து வாரம் சிகிச்சை கொடுத்துப் பார்த்து, முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஓசிடிக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி. இன்னொரு குழுவுக்கு ஆதரவாகப் பேசுவது மட்டும். முதல் குழுவில் 60 சதவீதம் பேருக்குக் கண்கூடான முன்னேற்றம், இரண்டாவதில் 6 சதவீதம் பேருக்கு. இதில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. முறை சரியாக இருந்தால், நேரில் போகாமலே கூடப் பலன் உண்டு.

பயத்தின் பக்கமாக நடப்பது

இனி வருவதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் என் ஓட்டு இதற்கே.

ஈஆர்பி என்பார்கள், மேலே சொன்ன சிபிடியில் ஒரு வகை. பயப்படும் விஷயத்தின் முன்னால் போய் நிற்பது ஒரு பாதி. நின்ற பிறகு வழக்கமாகச் செய்யும் சமாதானச் சடங்கைச் செய்யாமல் விடுவது மறு பாதி. இரண்டாவது பாதிதான் உயிர்நாடி, முதல் பாதியை மட்டும் செய்தால் வெறும் சித்திரவதை. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதினார். அதில் ஒருவருக்கு வந்தவை கடவுளைப் பற்றிய ஆபாச எண்ணங்கள். கடவுளை நினைத்துக் கூசும் நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், அறுபது ஆண்டு முன்பே, வேறு மதத்தில், வேறு கண்டத்தில் இதே கதை. எழுபதுகளில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஸ்டான்லி ராக்மன், ஐசக் மார்க்ஸ் போன்றவர்களும் பிறகு அமெரிக்காவில் எட்னா ஃபோவாவும் இதைச் செதுக்கினார்கள்.

நான் போனது ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம். முதல் செஷனில் அவர் பட்டியல் போடச் சொன்னார். எதெல்லாம் பயம், நூற்றுக்கு எத்தனை? அரிவாள்மனை என்ற சொல்லை எழுதுவது 30. கத்தியைக் கையில் எடுப்பது 50. அரிவாள்மனையில் காய் நறுக்குவது, மகள் அதே அறையில் தூளியில் தூங்க, வீட்டில் வேறு யாரும் இல்லாமல்: 95. அந்த 95-ஐப் பார்த்ததும் "இதை நான் செய்யவே மாட்டேன் மேடம்" என்றேன். "யார் செய்யச் சொன்னா, இன்னைக்கு 30-தான்" என்றார்.

பலர் பயந்து இந்தச் சிகிச்சைக்குப் போகாமல் இருப்பதற்குக் காரணம் இந்தப் பட்டியல்தான், அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்தான எதையும் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஊரில் எல்லா அம்மாக்களும் தினம் யோசிக்காமல் செய்வதைத்தான் செய்யச் சொல்வார்கள். எந்தப் படியில் எப்போது ஏறுவது என்பதும் நம் கையில். கத்தியைக் குழந்தையிடம் கொண்டுபோ என்று ஒருவர் சொன்னால் அவர் ஈஆர்பி தெரிந்தவர் இல்லை.

கஷ்டமானது காய் நறுக்குவது அல்ல. நறுக்கி முடித்த பிறகு அம்மாவிடம் கேட்காமல் இருப்பது. மனசுக்குள் "கந்தா காப்பாத்து" என்று சொல்லாமல் இருப்பது. நான்காவது செஷனில் என் பழைய கேள்வியை அவரிடமே கேட்டேன். "நான் செய்ய மாட்டேன்தானே மேடம்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூறு சதவீதம் யாரால சொல்ல முடியும்? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் கேள்வியோட இன்னைக்குச் சாயங்காலம் காபி போட முடியுமான்னு பாருங்க" என்றார். கோபத்தில் வீட்டுக்கு வந்து உண்மையிலேயே காபி போட்டேன். அந்தச் சாயங்காலம் முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது, ஏழு மணி வாக்கில் ஏதோ தொலைக்காட்சி விளம்பரத்தில் கவனம் போனது. அத்தனை மாதத்தில் முதல் முறையாக, நானாகத் தணிக்காமல் பயம் தானாகத் தணிந்ததைப் பார்த்தேன். அவர் "மாட்டீங்க, கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், மறுநாள் காலை மறுபடியும் அவருக்குப் போன் செய்திருப்பேன்.

மனசுக்குள் மட்டும் சுற்றுபவர்களுக்கு எதன் முன்னால் போய் நிற்பது என்று சந்தேகம் வரும். அதற்கும் வழி உண்டு. பயப்படும் கதையை நம் வாயால் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். என் கதையை எழுத இரண்டு செஷன் பிடித்தது. முதல் நாள் கேட்டபோது வாந்தி. பன்னிரண்டாம் நாள் கேட்டபோது, உண்மையைச் சொன்னால், கொட்டாவி வந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது கடினம், நடுவில் விட்டுவிடுபவர்கள் உண்டு. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் வாரம் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது. மன அழுத்தம் மிக ஆழமாக இருப்பவர்களுக்கு இதற்கான தெம்பே இருக்காது, அவர்களுக்கு முதலில் மருந்து வேண்டியிருக்கலாம். பெரிய குறை, தெரிந்தவர்கள் குறைவு. தமிழில் நன்றாகச் செய்பவர்கள் இன்னும் குறைவு.

எண்ணத்தோடு உட்கார்வது

ஏசிடி என்று இன்னொன்று உண்டு, ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வதைவிட, எண்ணத்தை வெறும் எண்ணமாகப் பார்த்து, அதைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நமக்கு முக்கியமானதைச் செய்வதில் அழுத்தம் தருகிறது. "நான் குழந்தையைக் கொல்வேன்" என்பதை "குழந்தையைக் கொல்வேன் என்று ஓர் எண்ணம் எனக்கு வருகிறது" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இடைவெளி விழும். 79 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. எட்டே செஷனில் ஏசிடி பெற்றவர்கள், தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். பிறகு ஈஆர்பியோடு ஏசிடியைச் சேர்த்தும் பார்த்தார்கள், தனி ஈஆர்பிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என் அளவுகோலில் இதுவும் பதில் தராமல் பழக்கும் வகைதான், அதனால் ஈஆர்பி தெரிந்தவர் கிடைக்காமல் ஏசிடியில் நல்ல பயிற்சி உள்ளவர் கிடைத்தால் தயங்காமல் போகலாம்.

தியானமும் மூச்சுப் பயிற்சியும் அப்படி இல்லை. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் எண்ணம் வந்தவுடன் மூச்சை எண்ணி விரட்டினால் அதுவும் ஒரு சடங்காகிவிடும். ரப்பர் பேண்டுக்கு அக்கா.

மாத்திரை

"மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரையில் தள்ளிவிடுவார்" என்ற பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தப் பயத்தால் நான் இழந்தது இரண்டு மாதம்.

ஓசிடிக்கு முதலில் கொடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள்: செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸமின், ஃப்ளுவாக்ஸடின் போன்றவை. மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிடப் பல நேரம் அளவு கூடுதலாகத் தேவைப்படும், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்று வாரத்தில் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். தேறிய பிறகும் ஓராண்டாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குச் செர்ட்ராலினை அதிகம் தேர்ந்தெடுப்பார்கள், பாலில் போகும் அளவு மிகக் குறைவு என்பதால். எனக்கும் அதுதான். எழுதித் தருவதும் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவர் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

மருந்தா சிகிச்சையா என்று கேட்பவர்களுக்கு 2005-இல் எட்னா ஃபோவா குழு வெளியிட்ட ஆய்வுதான் நேரடியான பதில். 122 பேர், நான்கு குழு, பன்னிரண்டு வாரம். சேர்ந்தவர்கள் எல்லாரையும் கணக்கில் எடுத்தால் ஈஆர்பியில் 62 சதவீதம் பேருக்குப் பலன், குளோமிப்ரமின் என்ற பழைய மருந்தில் 42, இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் 70, மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 8. ஈஆர்பியோடு ஒப்பிட்டால் சேர்த்துக் கொடுத்ததன் கூடுதல் பலன் பெரிதாக நிரூபணமாகவில்லை. ஆனால் இந்த 62-ஐப் பார்த்து மருந்தைத் தூக்கிப்போட வேண்டாம். அங்கே ஈஆர்பி என்றால் முதல் நான்கு வாரம் கிட்டத்தட்ட தினமும், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். நமக்குக் கிடைப்பது வாரம் ஒரு மணி நேரம், அதுவும் வழியில் பஸ் கிடைத்தால். அந்த இடைவெளியை நிரப்ப மருந்து உதவும் என்பது என் கருத்து. மருந்து என் எண்ணங்களை அழிக்கவில்லை. குழாயைக் கொஞ்சம் மூடியது. 95-ஆக இருந்தது 70-ஆன பிறகுதான் அந்தப் படியில் காலை வைக்கவே முடிந்தது.

யாரிடம், எங்கே, எவ்வளவு

முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆளைத் தேட வேண்டும். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். சிகிச்சைப் பேச்சுக்குக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், எம்.ஃபில். போன்ற பயிற்சி முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐ-யில், பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், ஆட்டோவில் ஏறுமுன் மீட்டரைப் பார்ப்பதில்லையா. கவுன்சிலர் என்று பலகை மாட்டுவதற்கு அப்படி ஒரு கட்டாயம் நடைமுறையில் இல்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், ஆறு மாதச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பட்டத்தைவிடப் போனில் கேட்கும் ஒரு கேள்வி எனக்கு அதிகம் உதவியது: "ஓசிடிக்கு ஈஆர்பி செய்வீங்களா? ஒரு செஷன் எப்படிப் போகும்?" பட்டியல், படிகள், வீட்டுப்பாடம் என்று பேசினால் போகலாம். "எல்லாத்தையும் பேசுவோம், நெகட்டிவ் எண்ணத்தைப் பாசிட்டிவா மாத்துவோம்" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். நான் அப்படி மூன்று பேருக்கு நன்றி சொன்னேன்.

அரசு வழி இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இயங்குகிறது. மருந்து மட்டும் போதும் என்பவர்களுக்கும் மாதம் ஆயிரம் ரூபாய்கூடச் சிரமம் என்பவர்களுக்கும் இதுவே சரி. ஆனால் வெளிநோயாளிக் கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம், அதில் ஈஆர்பி நடக்காது. அங்கே சைக்காலஜிஸ்ட் இருக்கிறாரா, தனி நேரம் தருவாரா என்று கேட்டுப் பார்க்கலாம். பல சிகிச்சைகள் பார்த்தும் கேட்காதவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஆரம்பத்தில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416, 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவை, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அதை வாசல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், தினம் போன் செய்து "நான் செய்ய மாட்டேன்தானே" என்று கேட்டால் அதுவும் இன்னொரு அம்மா ஆகிவிடும்.

தனியாரில் நான் ஒரு செஷனுக்குக் கொடுத்தது 1,200 ரூபாய், மொத்தம் பதினாறு செஷன். 19,200. மருத்துவக் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தோம். மனநோயை உடல்நோய்போல நடத்த வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருவது, வாராவாரம் போய் வருவதற்கு இல்லை. கவுன்சிலரிடமும் கயிற்றுக்கும் மற்றதற்கும் போனதைக் கூட்டினால் அதற்கு மேலேயே செலவாகியிருந்தது என்பதைக் கணவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவர் வங்கி வேலை, கணக்குப் போடாமல் இருக்க முடியாது.

முதல் ஐந்து செஷன் நேரில், மீதி வீடியோவில். நேரில் நடந்தவை அடித்தளம் போட்டன, ஆனால் எனக்கு வீடியோதான் அதிகம் உதவியது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். பயம் இருப்பது என் அடுப்படியில், அவர் அறையில் இல்லை. கைபேசியைச் சம்படத்தின் மேல் சாய்த்துவைத்து, அவர் பார்க்க, என் வீட்டு அரிவாள்மனையிலேயே நறுக்கினேன். கூட்டுக் குடும்பத்தில் தனியாகப் பேச இடம் இல்லாதவர்களுக்கு மட்டும் வீடியோ சரிவராது. மாமியார் காதில் விழும்படி இதைச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம்.

வெளியே சொன்னால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ, குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நானும் கவுன்சிலரிடம் முதல் மாதம் பாதிதான் சொன்னேன். நாம் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை அதே 2017 சட்டம் தருகிறது. உண்மையான ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு. ஓசிடி தெரிந்தவருக்கு இந்த எண்ணங்கள் அந்த ரகம் இல்லை என்று முதல் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். என் சைக்காலஜிஸ்ட் நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைக்கூட நிறுத்தவில்லை. "சரி, வேற?" என்றார்.

தேர்வு என்னிடம் விட்டால்: எண்ணங்களால் நாளில் ஒரு மணி நேரம்வரை போகிறது, வேலை நடக்கிறது என்றால் ஈஆர்பி மட்டும் தொடங்கிப் பாருங்கள். குளிக்க, சாப்பிட, குழந்தையைத் தூக்க முடியவில்லை என்றால் மனநல மருத்துவரும் ஈஆர்பியும் ஒரே வாரத்தில். ஈஆர்பி கிடைக்காத ஊர் என்றால் மருந்தை அருகிலும் சிகிச்சையை வீடியோவிலும் பிரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எட்டாவது செஷனில் நின்று பாருங்கள்: ஒளித்தவற்றில் எது வெளியே வந்திருக்கிறது? எதுவும் வரவில்லை, ஆனால் பேசிவிட்டு வந்தால் லேசாக இருக்கிறது என்றால் ஆளை மாற்றும் நேரம்.

வீட்டாரையும் ஒரு செஷனுக்குக் கூட்டிப்போவது நல்லது. எங்கள் அம்மா வந்தாள். நான் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று மேடம் சொன்னதும், "புள்ள அழுதுக்கிட்டு கேக்குறப்ப எப்படிம்மா சொல்லாம இருக்குறது?" என்று சண்டைக்குப் போனாள். அரை மணி நேரம் ஆனது சமாதானம் ஆக. போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மகளுக்கு இப்போது நான்கு வயது, அடுப்படியில் என் முதுகைக் கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்து அந்தப் பழைய காட்சி சட்டென்று வந்தது. பழக்க தோஷம், "ஏம்மா, நான்..." என்று வாயெடுத்தேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்கு. பீன்ஸை நறுக்கு, குழம்பு கொதிக்குது."